பதினாலு ஊசியும் ஒரு பித்தளைப் பில்லையும்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாப் பேச முடியாத தொழில் எங்களுது. கட்டில்ல படுத்திருக்கிறவங்க கையிலயும் காலிலயும் ஊசி நின்னுக்கிட்டு இருக்கும். யாராவது திடுக்குன்னு அசைஞ்சா டாக்டரம்மா என்னைத்தான் முறைப்பாங்க.

ஊசி குத்துறது டாக்டரம்மா, மருந்து ஏத்துற ஊசி இல்ல, முடி மாதிரி மெல்லிசா இருக்கிற அக்குபங்சர் ஊசி. ஊசிக்குக் கிளிப் மாட்டி, சின்னப் பெட்டியில இருந்து கரண்டு விடுறதும் அவங்கதான். பயந்துடாதீங்க, அது வீட்டுக் கரண்டு இல்ல, பேட்டரிக் கரண்டு. தோலுக்கடியில எறும்பு ஓடற மாதிரி இருக்கும், விரல் தானாத் துள்ளும், அவ்வளவுதான். நான் பஞ்சு எடுத்துக் கொடுக்கிறவள், போர்வை மடிக்கிறவள், நேரம் முடிஞ்சதும் ஊசியை உருவுறவள், எல்லாத்துக்கும் மேல எண்ணுறவள். ஒரு ஆளுக்குப் பதினாலு ஊசி உள்ளே போனா, பதினாலும் வெளியே வந்து தட்டுல விழணும். நான் படிச்சது நாலாங்கிளாஸ். பதினாலுக்கு அது தாராளம்.

உங்க வீட்டிலயும் ஒருத்தர் வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்து கிடந்தா, நான் சொல்லப் போறது உங்களுக்குத் தெரிஞ்ச தவிப்புதான். எங்க இடத்துல நாற்காலி இருக்கு, ஆனா யாரும் உட்கார மாட்டாங்க. கூட வந்தவங்க வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பாங்க. நோயாளி படுத்துக்கிட்டே நடப்பார், மனசால.

அவசரக்காரர்

பஜார்ல மளிகைக்கடை வெச்சிருக்கிற நடராஜன் அண்ணனுக்கு இடது கால் இழுத்துக்கிச்சு. பேச்சு நல்லாவே இருந்தது, அதுதான் எங்களுக்குக் கஷ்டம். கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல கடைப்பையனை விரட்டுவார். துவரம்பருப்பு மூட்டையை எங்கே இறக்கணும்னு அவர் கத்தினா பக்கத்துக் கட்டில் ஆளுக்கு ஊசி ஆடும்.

நாலாம் நாள் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு ரகசியமா ஒரு யோசனை சொன்னார். தினமும் வந்து போக நேரமில்லை, பத்து நாளைக்கு உண்டான ஊசியை மொத்தமா இன்னிக்கே குத்திடுங்க, வலியை நான் தாங்கிக்கிறேன்னார். எங்க டாக்டரம்மா பெங்களூருப் பொண்ணு, தமிழ்ல பாதி கன்னடம் கலந்துதான் வரும். "ஸ்வல்ப பொறுங்க அண்ணா, மூளை மெதுவாத்தான் கத்துக்கும், ஊசியை விட நடைப்பயிற்சிதான் முக்கியம்"னு பொறுமையாச் சொன்னாங்க. அண்ணன் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"பருப்பு வேகறதுக்கே குக்கர் வந்தாச்சு. மூளைக்கு மட்டும் இன்னும் விறகடுப்புதானா டாக்டரம்மா?"

நம்பர் எத்தனை

கரண்டுப் பெட்டியில குமிழ் ஒண்ணு இருக்கு, சுத்தி நம்பர் போட்டிருக்கும். டாக்டரம்மா அதை மெல்லத் திருப்புவாங்க. நல்லாத் தெரியுது, ஆனா வலிக்கலைன்ற அளவு வந்ததும் நாம "போதும்"னு சொல்லணும். உலகத்துல எல்லாரும் சொல்லிடுவாங்க. எங்க ஊர் தங்கச் சுரங்கத்துல வேலை செஞ்ச ஆளுங்க மட்டும் சொல்ல மாட்டாங்க.

தாமோதரன் அண்ணன் கீழே பாறையில துளை போட்ட ஆளு. தலைவலின்னு கூட வாழ்க்கையில சொன்னதில்லையாம். வாதம் வந்து வலது கால் மரத்துப் போனதுல இருந்து எங்ககிட்ட வர்றார். குமிழ் ஏறிக்கிட்டே போகுது, அண்ணன் வாயே திறக்கலை. கடைசியில கால் தானா எகிறி, நான் பிடிச்சிருந்த தட்டை உதைச்சுது. பஞ்சு எல்லாம் நடராஜன் அண்ணன் முகத்துல போய் விழுந்துது. அப்புறந்தான் விஷயம் வெளியே வந்தது. டீக்கடையில நடராஜன் அண்ணன் "நான் அஞ்சு வரைக்கும் தாங்குறேன்"னு சொல்லியிருக்கார். அன்னிக்கே டாக்டரம்மா அந்த நம்பர் மேல பிளாஸ்திரி ஒட்டி மறைச்சுட்டாங்க. தாமோதரன் அண்ணனுக்கு அது பெரிய குறை.

"பூமிக்கடியில எம்பதாவது லெவல்ல, பாறைச் சூட்டுல நின்னவன் நானு. ஒரு மளிகைக்கடைக்காரன் அஞ்சு வாங்கி நான் நாலு வாங்கினா, லைன் வீட்டாளுங்க முன்னாடி எப்பிடிம்மா தலை காட்டுவேன்?"

ஜன்னல்காரர்

இப்ப குப்புசாமி அண்ணன். ஊரிகத்துல, சுரங்கக் கம்பெனி வரிசையாக் கட்டின எங்க லைன் வீட்டுலதான், என் வீட்டுக்கு மூணாவது வீடு. சுரங்கம் ஓடின காலத்துல, ஆளுங்க கீழே இறங்குற ஷாஃப்ட் பக்கத்து டைம் ஆபீஸ்ல இருந்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடிச்ச பித்தளைப் பில்லை ஒண்ணு உண்டு. கீழே இறங்கும்போது அதை வாங்கிக்கிட்டுப் போகணும், மேலே வந்ததும் ஜன்னல்ல திருப்பிக் கொடுக்கணும். அண்ணன் வாங்கி, அந்த நம்பர் ஆணியில மாட்டுவார். ஒரு ஆணி காலியா இருந்தா ஒரு ஆள் இன்னும் பூமிக்குள்ள இருக்கான்னு அர்த்தம். சங்கு ஊதி, ஊரே வீட்டுக்குப் போனாலும் அந்த ஆணி நிறையாம அண்ணன் ஜன்னலைச் சாத்த மாட்டார். லேட்டா வர்றவனுக்கு ஆணிக்குப் பக்கத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு. சொந்த மச்சானுக்கும் போடுவார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு காலைல வாய் கோணிச்சு. நல்லவேளை, அவர் பொண்ணு செல்வி கை வைத்தியம்னு நேரத்தைப் போக்காம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. உயிர் தப்பிச்சுது. தடி ஊன்றி நடக்கிறார், நாம பேசுறது புரியுது. ஆனா வலது கை தொங்கிப் போச்சு, பேச்சு சுத்தமா நின்னு போச்சு. அதுக்கப்புறந்தான் எங்ககிட்ட கூட்டி வந்தா.

செல்விக்குப் பெங்களூருல தையல் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை. விடியறதுக்கு முன்னாடி ரயிலேறினா பொழுது சாய்ஞ்சுதான் திரும்புவா. வீட்டுல வேற ஆள் கிடையாது. லீவு கொடுத்த கம்பெனி, வர்ற ஒண்ணாந்தேதி வரலைன்னா இனிமே வர வேணாம்னு சொல்லிடுச்சு. கையில இருபத்திரண்டு நாள் இருந்தது. பகல் முழுக்க நைனா தனியா இருக்கணும், விழுந்தா கூப்பிட வாய் இல்லை. இதையெல்லாம் அவர் முன்னாடியே டாக்டரம்மாகிட்ட சொன்னா. அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார்.

"கை வரலன்னாலும் பரவால்ல டாக்டர். நான் போன் பண்ணா எடுத்து, இருக்கேன்னு ஒரே ஒரு பதில் சொன்னா போதும், நான் வேலைக்குப் போவேன். அது வரலன்னா வேலையை விட்டுடுவேன்."

எலி

செல்வி சும்மா இருக்க மாட்டா. ராத்திரி பகலா போன்ல தேடிப் படிச்சுட்டு வந்து, இந்த ஊசியும் கரண்டும் கொடுத்தா மூளையில புதுசா செல் முளைக்குதாமே, நிஜமா, எத்தனை நாள்ல முளைக்கும்னு டாக்டரம்மாவைக் கேட்டா. இருபத்திரண்டு நாள்ல முளைச்சுடுமான்னுதான் அதுக்கு அர்த்தம். எல்லாக் கட்டிலும் காது கொடுத்துச்சு.

டாக்டரம்மா பொய் சொல்றவங்க இல்லை. அதுதான் அவங்ககிட்ட எனக்குப் பிடிச்சது, சில சமயம் பிடிக்காததும் அதுதான். எலிக்கு மூளையில ரத்தக்குழாயை அடைச்சு, இதே மாதிரி ஊசியும் கரண்டும் கொடுத்துப் பார்த்திருக்காங்க, அதுங்க மூளையில புது செல் பிறந்ததைப் பார்த்ததா எழுதியிருக்காங்கன்னு சொன்னாங்க. ஆனா பிறந்த செல் எல்லாம் வேலைக்கு வருதா, மனுஷனுக்கும் அப்படியே நடக்குமான்றது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, நான் சத்தியம் பண்ண மாட்டேன், பிரஷர் மாத்திரையையும் பேச்சுப் பயிற்சியையும் விட்டுடாதீங்கன்னாங்க. செல்வி முகம் விழுந்து போச்சு. எலிக்கான்னு ஒரு தடவை மெதுவாக் கேட்டுட்டு ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டா. பக்கத்துக் கட்டில்ல இருந்த தாமோதரன் அண்ணனுக்குத்தான் பொறுக்கலை.

"எலின்னா கேவலமா பாக்காத கண்ணு. பாறை வெடிக்கறதுக்கு முன்னாடி அதுதான் முதல்ல ஓடும், அது பின்னாடி ஓடிப் பொழைச்சவங்கதான் நாங்க எல்லாம். கேரியர்ல அதுக்குன்னு ஒரு பிடி சோறு வைப்போம். எலிக்கு முளைச்சா நமக்கும் முளைக்கும்."

ஆபீசர்

முதல் நாளே எனக்கும் குப்புசாமி அண்ணனுக்கும் சண்டை. ஊசியை எடுத்துத் தட்டுல போட்டு, "பதினாலு"ன்னு டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். அண்ணன் இடது கையை நீட்டித் தட்டைப் பிடிச்சு இழுத்தார். ஒவ்வொண்ணா விரலால தள்ளித் தள்ளிப் பார்த்தார். பதினாலு இருக்கவும் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குச் சுருக்குன்னுது. தினமும் இதே கதைதான். தன்னுது மட்டும் இல்லை, மத்த கட்டில்ல ஊசி போறதையும் வர்றதையும் கண்ணால எண்ணிக்கிட்டே படுத்திருப்பார்.

நாள் ஓடிக்கிட்டு இருந்தது. வலது கைக்கு டாக்டரம்மா ஒரு சாக்பீஸ் கொடுத்து, கட்டை விரலும் ரெண்டு விரலும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னாங்க. அது கீழே விழும், நான் எடுத்துக் கொடுப்பேன், மறுபடி விழும். பேச்சுக்குப் படம் காட்டுவாங்க. தம்ளர் படத்தைக் காட்டினா "த்... த்..."ன்னு முக்கிட்டு, கோபத்துல அட்டையைத் தூக்கி வீசுவார். செல்வி பதினெட்டுன்றா, பதினஞ்சுன்றா, ஒன்பதுன்றா. மிச்சம் இருக்கிற நாள். அவ வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறதைப் பார்த்தா எனக்கே கால் வலிக்கும். ஒரு நாள் தாங்காம, "தம்ளர்ன்னு சொல்லேன் நைனா, ஊசி எண்ணி இன்னா பண்ணப் போற"ன்னு அவ அழுதப்போ கூட, அண்ணன் கண்ணு என் தட்டு மேலதான் இருந்தது. நடராஜன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

"வசந்தாக்கா, இவரு வைத்தியத்துக்கு வரல. உன்னை செக் பண்ண வந்த ஆபீசரு."

நூத்தி நாப்பத்தேழு

இன்னும் ஆறு நாள்னு செல்வி சொன்ன காலை. டாக்டரம்மா வர்ற ரயில் லேட். அவங்க வர்றதுக்குள்ள எல்லாரும் வந்து குமிஞ்சுட்டாங்க. ஒரு பக்கம் ஊசி ஏறுது, இன்னொரு பக்கம் இறங்குது. தாமோதரன் அண்ணனுக்கு அன்னிக்குத் தலையிலயும் ஊசி போட்டிருந்தாங்க. நான் எடுத்தேன். நடராஜன் அண்ணன் தண்ணி கேட்டார், யாரோ கதவைத் தட்டினாங்க, எடுத்த வேகத்துல "பதினாலு"ன்னு சொன்னேன். உண்மையைச் சொல்றேன், வாய்தான் எண்ணிச்சு, கண் எண்ணலை. தாமோதரன் அண்ணன் குரங்குக் குல்லாவை இழுத்து மாட்டிக்கிட்டு டீக்குக் கிளம்பிட்டார்.

குப்புசாமி அண்ணன் கை முழுக்க ஊசியோட படுத்திருந்தவர், இடது கையால கட்டில் கம்பியை ஓங்கித் தட்டினார். "ம்ம், ம்ம்"னு திமிறினார். செல்வி, படு நைனா, படுன்னு தோளை அமுக்கினா. டாக்டரம்மாவும் ஓடி வந்து பிடிச்சாங்க. அவர் கண்ணு வாசல்ல இருந்தது. தாமோதரன் அண்ணன் படியில ஒரு கால் வெச்சுட்டார். அப்ப வந்துச்சு அந்தக் குரல். துருப்பிடிச்ச கேட்டைத் திறக்கிற மாதிரி, ஆனா ஒரு எழுத்து பிசகாம:

"நூத்தி நாப்பத்தேழு."

தாமோதரன் அண்ணன் அப்படியே நின்னார். திரும்பினார். கை தானா சட்டைப் பைக்குள்ள போய்ப் பில்லையைத் துழாவுது. "இருக்கேண்ணே, மேல வந்துட்டேன்"ன்றார். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. டாக்டரம்மா ஒண்ணும் புரியாம தட்டைப் பார்த்து எண்ணினாங்க. பதிமூணு. குல்லாவைக் கழற்றினா, காதுக்கு மேல முடிக்குள்ள, வளைஞ்சு போய் நின்னுக்கிட்டு இருக்கு பதினாலாவது. எடுத்துப் பஞ்சு வெச்சாங்க. என்னைப் பார்த்து அவங்க திட்டலை, திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுவோம்னாங்க.

செல்வி தரையில உட்கார்ந்துட்டா. புது செல்லா டாக்டர்னு கேட்டா. டாக்டரம்மா தலையாட்டலை. மனப்பாடமா ஓடின நம்பர், பாட்டு, சாமி பேர் எல்லாம் பேச்சு போனவங்களுக்கும் சில நேரம் பிழைச்சு இருக்கும், அது வேற வழியா வரும், ஊசியாலதான்னு நான் சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா சொல்லும்போது அவங்க கண்ணும் கலங்கி இருந்தது. தாமோதரன் அண்ணன் குல்லாவைக் கையில வெச்சுக்கிட்டு இன்னும் அங்கேயே நின்னார்.

"எம் பொஞ்சாதி பத்து தபா கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். என் நம்பரை இத்தினி வருஷம் பத்திரமா வெச்சினு இருக்கிற மூளையைப் போயி, கெட்டுப்போச்சுன்னு சொல்லினு இருக்கீங்களே."

காலி ஆணி

இதோட கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா நீங்க இன்னும் நோயாளி வீட்டைப் பார்க்கலைன்னு அர்த்தம். செல்வி வெளியே வராந்தாவுல நின்னு நைனாவுக்குப் போன் போட்டுப் பார்த்தா. எடுத்தார். சாப்டியான்னு கேட்டா. "முன்னூத்திப் பத்து"ன்றார். நல்லா இருக்கியான்னு கேட்டா, "தொண்ணூத்தாறு." செத்தவங்க, இருக்கிறவங்க, ஊரை விட்டுப் போனவங்க எல்லார் நம்பரும் வருது, ஒரு "இருக்கேன்" மட்டும் வரலை. இதை வெச்சு நான் எப்பிடிக்கா ரயிலேறுவேன்னு என்கிட்ட கேட்டா. வேலையை விடுறேன்னு போன்ல எழுதி வெச்சிருந்தா, அனுப்புறதுதான் பாக்கி. மாசம் முடியிற அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தா.

அந்த சாயங்காலம் குப்புசாமி அண்ணன் தடியை ஊன்றிக்கிட்டு தாமோதரன் அண்ணன் வீட்டுக்கே போய் அவரைக் கையைப் பிடிச்சுத் தன் வீட்டுக்கு இழுத்துட்டு வந்தார். சுத்தியலைக் காட்டினார், கதவு நிலையைக் காட்டினார். தாமோதரன் அண்ணன் ஒரு ஆணி அடிச்சார். அண்ணன் உள்ளே போய், டிரங்குப் பெட்டியில துணிக்கு அடியில இருந்து ஒரு பில்லையை எடுத்து வந்தார். அவரோட சொந்தப் பில்லை, ஓரம் தேய்ஞ்சு வழவழன்னு இருந்தது. அதை ஆணியில மாட்டினார். நாங்க நிக்கிறதைச் சட்டை பண்ணாம மறுபடி கழற்றினார். செல்வி கையை இழுத்து, உள்ளங்கையில வெச்சு, அவ விரலை மடக்கினார். "அறுபத்திரண்டு"ன்னார், அந்தப் பில்லையில அடிச்சிருந்த அவரோட நம்பர். ஆணியைக் காட்டினார். ரயில் ஸ்டேஷன் பக்கம் காட்டினார். மறுபடி ஆணி.

செல்வி ஆணியையே பார்த்துக்கிட்டு நின்னா. கீழே இறங்கப் போறது யாரு, மேல ஜன்னல்ல உட்கார்ந்து காத்திருக்கப் போறது யாருன்னு அவளுக்கு அப்பத்தான் புரிஞ்சிருக்கணும். போனை எடுத்தா, எழுதி வெச்சதை அழிச்சா. தாமோதரன் அண்ணன் தினமும் தன்னோடவே அவரை ஊசிக்குக் கூட்டிட்டுப் போறதுன்னும், மதியம் சோறு என் வீட்டுல இருந்து போறதுன்னும் பேசி முடிச்சோம். விடியறதுக்குள்ள பில்லையைக் கைப்பையில போட்டுக்கிட்டு அவ கிளம்பிட்டா.

மத்தியானம் நான் சோறு கொண்டு போனப்போ போன் வந்தது. அண்ணன் எடுத்துக் காதுல வெச்சு, "அறுபத்திரண்டு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். அவ்வளவுதான் பேச்சு. சாயங்கால ரயில் முக்கால் மணி நேரம் லேட். அண்ணன் நாற்காலியில உட்காரலை, டீ குடிக்கலை, நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். நானும் நின்னேன், வேற இன்னா பண்றது. செல்வி தெருமுனையில இருந்தே பில்லையைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. ஆணியில மாட்டிட்டு மூச்சு வாங்கினா.

"சாப்டியா, விழுந்தியா, மாத்திரை போட்டியான்னு பத்து தபா போன் பண்ணேன்க்கா. பத்து தபாவும் அறுபத்திரண்டுதான். அதைக் கேட்டுட்டுதான் இன்னிக்கு நானு தைச்சேன்."

மூளையில புதுசா ஏதாவது முளைச்சுதா, இல்ல பழசே பிடிவாதமா வேலைக்கு வந்துச்சான்னு அந்த எலிக்குத்தான் வெளிச்சம், ஆனா டாக்டரம்மா கொடுத்த சாக்பீஸை அண்ணன் அன்னிக்கு வலது கை மூணு விரலால இடுக்கி, கீழே விடாம, ஆணிக்குப் பக்கத்துல கோணலா ஒரு கோடு இழுத்துப் பெத்த பொண்ணுக்கே லேட் போட்டார்.